கொம்பில் ஏறிய மெடல்கள்

பாறைக்கொட்டாயில் வெள்ளையம்மா ஒரு பேச்சைச் சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. வாய்க்கால் தண்ணீர் யார் முறை என்கிற தகராறானாலும் சரி, ராயக்கோட்டைச் சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசுவதானாலும் சரி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் வந்து நின்றால் ஆம்பளைகள் மெதுவாகப் பீடியை அணைத்துவிடுவார்கள். பட்டாளத்துக்குப் போன புருஷன் கோவிந்தப்பன் திரும்பி வரவில்லை. ஆறு ஏக்கர் மேட்டு நிலத்தையும், மகள் பூவம்மாளையும், ஓரகத்தி சாந்தம்மாவையும் அவள்தான் பதினைந்து வருஷமாகக் கட்டி மேய்க்கிறாள். சாந்தம்மாவின் புருஷன் கங்கப்பன் கோவிந்தப்பனுக்குத் தம்பி. அவனும் அதே சண்டைக்குப் போய் வராதவன்தான். அண்ணன் பர்மாவில், தம்பி இத்தாலியில். நாற்பத்து நாலாம் வருஷம், நாலு மாச இடைவெளியில் அந்த வீட்டுக்கு இரண்டு தந்தி வந்தது.

வெள்ளையம்மா சொன்ன பேச்சுகளிலேயே பேர்போனது எருது விடும் விழாவில் சொன்னது. பொங்கல் முடிந்த கையோடு அந்தப் பக்கத்து ஊர்களில் எருது விடுவார்கள். மாட்டின் இரண்டு கொம்புக்கும் நடுவே மூங்கில் தட்டி ஒன்றைக் கட்டுவார்கள். அதில் ஜிகினா, கண்ணாடிச் சில்லு, புதுத் துண்டு, வெள்ளிக் காசு என்று அவரவர் வசதிக்குத் தைத்து, இரு பக்கமும் ஜனம் நெருக்கும் வீதியில் மாட்டை விரட்டிவிடுவார்கள். பாய்ந்து தட்டியைப் பறிக்கிறவனுக்கு அதில் இருப்பதெல்லாம் சொந்தம். யார் கையிலும் சிக்காமல் மாடு எல்லைக் கயிற்றைத் தாண்டிவிட்டால் மாட்டுக்காரர் அன்றைக்கு முழுக்கத் தரையில் நடக்கமாட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் பெரியதனக்காரர் கரியப்பன் மாட்டுத் தட்டியில் அவர் பெண்டாட்டியின் வெள்ளி மெட்டி எப்படியோ கலந்து போய்விட்டது. பறித்தவனிடம் அவர் போய்க் கெஞ்சிக்கொண்டிருந்தார். அப்போது வெள்ளையம்மா நடு வீதியில் வந்து நின்று சொன்னாள்: “கொம்புல ஏறினது மாட்டோடது. பறிச்சா பறிச்சவனோடது. திருப்பிக் கேக்கறவங்க மாட்டை ஊட்டுலயே கட்டி வெச்சு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கணும்.” ஜனம் கொல்லென்று சிரித்தது. கரியப்பனுக்கு மெட்டியும் போனது, மூஞ்சியும் போனது. அந்தப் பேச்சு மட்டும் பஸ் ஏறி ஓசூர் வரைக்கும் போய்விட்டது. எந்த ஊரில் தட்டித் தகராறு வந்தாலும், “பாறைக்கொட்டாய் அம்மா சொன்ன மாதிரி” என்று ஆரம்பிப்பார்கள்.

அப்படிப்பட்டவளுக்கும் வீட்டுக்குள் ஒரு பயம் இருந்தது. அது ஒரு பிஸ்கோத்து டப்பாவில் இருந்தது.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ரிஜிஸ்டர் தபாலில் இரண்டு அட்டைப் பெட்டி வந்தது. ஆளுக்கு மூன்று மெடல். இரண்டு நட்சத்திரம், ஒரு வட்டம், எல்லாவற்றுக்கும் வரி வரியாகக் கலர் நாடா. சாந்தம்மா அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம் என்றாள். “ஆணி அடிக்கிற செவுரு என் ஊட்டுல இல்ல” என்று சொல்லிவிட்டு, ஆறையும் டப்பாவில் போட்டு மூடிப் பரண்மேல் வைத்தாள் வெள்ளையம்மா. அதோடு அந்தப் பேச்சும் மூடிவிட்டது. போனவர்களின் பேரைக்கூட அந்த வீட்டில் எடுக்கக் கூடாது. சாந்தம்மா வாயைத் திறந்தால், “மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?” என்பாள். எந்த வருத்தத்தையும் அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டித்தான் தீர்ப்பாள். அப்பன் போனபோது பூவம்மாள் இரண்டு வயசுக் குழந்தை. இப்போது பதினேழு. அப்பனைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பேர் மட்டும்தான்.

அந்தப் பூவம்மாளுக்குத்தான் தொரப்பள்ளியில் மாப்பிள்ளை பார்த்து மாசியில் கல்யாணம் வைத்திருந்தது. “என்னாடி வேணும், கேளு” என்றாள் வெள்ளையம்மா. அட்டிகை கேட்பாள், பட்டுச் சேலை கேட்பாள் என்று நினைத்தாள். மகள், “அப்பா மெடல் வேணும்மா” என்றாள். வெள்ளையம்மா அன்றைக்கு மாட்டுக்கு நாலு தரம் தண்ணி காட்டினாள். மறுநாள்தான் பதில் வந்தது. “மணையில ஒக்கார்றப்ப எங் கையால குடுக்கறன்.” வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று மகளுக்கும் தெரியும்.

இங்கேதான் விதி கொஞ்சம் விளையாடியது. அண்ணனும் தம்பியும் கடைசியாக லீவில் வந்தபோது பெங்களூரிலிருந்து ஆளுக்கொரு பிஸ்கோத்து டப்பா வாங்கி வந்திருந்தார்கள். இரண்டிலும் ஒரே கிளிப் படம். ஒன்றில் மெடல் இருந்தது. இன்னொன்றில் மாட்டுத் தட்டிக்கு வேண்டிய ஜிகினாவும் கண்ணாடிச் சில்லும் இருந்தன. மெடல் டப்பா இடது பக்கம், ஜிகினா டப்பா வலது பக்கம். இடது பக்கத்தை வெள்ளையம்மா கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. மூஞ்சியை அந்தாண்டை திருப்பிக்கொண்டு கையை மட்டும் வலது பக்கம் விடுவாள். கல்யாண வீடு என்று சாந்தம்மா சுண்ணாம்பு அடித்துப் பரணைத் துடைத்தாள். துடைத்த ஜோரில் டப்பாக்களை இடம் மாற்றி வைத்துவிட்டாள்.

விழாவுக்கு முதல் நாள் தட்டி கட்டும் சென்னப்பன் வந்து வாசலில் நின்றான். வெள்ளையம்மா பழக்கப்படி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, கையை வலது பக்கம் விட்டு, டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். கலகலவென்று சத்தம் வந்தது. கண்ணாடிச் சில்லும் அப்படித்தானே சத்தம் போடும்? சென்னப்பன் வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தான். ஒரு நிமிஷம் திகைத்தான். பிறகு அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி மனசு மாறி, அண்ணன்மார் பெருமையை ஊருக்குக் காட்டப் போகிறாள் என்று முடிவு பண்ணிவிட்டான். தன் வீட்டு ஜிகினாவையும் போட்டு, வேலை பார்த்தான் பாருங்கள், அப்படி ஒரு தட்டி அந்தத் தாலுகாவிலேயே கிடையாது. கட்டின தட்டியைத் துணி போட்டு மூடித்தான் கொண்டு வருவார்கள். மாட்டை விடும்போதுதான் துணியை எடுப்பார்கள். கண்ணேறு பட்டுவிடக் கூடாது அல்லவா?

மறுநாள் பாறைக்கொட்டாய் வீதியில் எள் விழ இடமில்லை. ராயக்கோட்டை, சானமாவு, மைசூர் எல்லைக்கு அந்தப்புறம் அத்திபெலே வரைக்கும் ஆட்கள் வந்திருந்தார்கள். மற்றப் பெண்களெல்லாம் பாதுகாப்பாக வண்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளையம்மா மட்டும் வருஷா வருஷம் போல வீதி திரும்புகிற இடத்தில் இருக்கும் புளியமரத்து அடியில் நின்றாள். ஏன் அங்கேயே நிற்கிறாள் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. பக்கத்தில் சாந்தம்மாவும் பூவம்மாளும் நின்றார்கள்.

பம்பை முழங்கியது. “அடுத்தது வெள்ளையம்மா மாடு, பங்காரு!” என்று குரல் வந்தது. மாரியம்மன் கோயில் வாசலில் சென்னப்பன் தட்டிமேல் இருந்த துணியை உருவினான்.

வெயிலில் ஏதோ பளீரென்றது.

“என்னாடி அது, நட்சத்திரம் மாதிரி?” என்றாள் வெள்ளையம்மா.

சாந்தம்மா கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது, மூடவில்லை. “அக்கா... நட்சத்திரமேதான்.”

அதற்குள் பங்காரு கிளம்பிவிட்டது. கொம்புகளுக்கு நடுவே ஆறு மெடலும் ஆட, கலர் நாடா காற்றில் பறக்க, கலகலகலவென்று பாய்ந்து வந்தது. முதல் கும்பல் மேலே விழுந்தது. பங்காரு தலையை ஒரு வெட்டு வெட்டியது, நாலு பேர் மண்ணில் உருண்டார்கள். இரண்டாவது கும்பலை அது லட்சியமே பண்ணவில்லை.

“கத்துக்கா! தொடாதீங்கன்னு சொல்லுக்கா!” என்று சாந்தம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

வெள்ளையம்மா வாயைத் திறந்தாள். மூன்று வருஷமாக ஓசூர் வரைக்கும் போய் வந்த அவளுடைய சொந்தப் பேச்சே தொண்டையில் குறுக்கே நின்றது. ஓடுடா என் ராசா, இன்னிக்கு ஒரு நாள் மானத்தைக் காப்பாத்துடா என்று மனசுக்குள் மாட்டைக் கும்பிட்டாள். பங்காரும் ஓடத்தான் செய்தது. எல்லைக் கயிற்றுக்குப் பத்தடி இருக்கும்போது நெட்டையாக ஒருத்தன் பக்கவாட்டில் பாய்ந்து, திமிலில் கை போட்டுத் தொங்கி, தட்டியைப் பிய்த்துக்கொண்டு கீழே விழுந்தான். ஜனம் ஆர்ப்பரித்தது. பூவம்மாள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட வெள்ளையம்மாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தட்டி பறித்தவன் மாட்டுக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். நெட்டையன் பேர் திம்மராயன். அத்திபெலே பக்கத்து ஆள், பெங்களூரில் மெஷின் கம்பெனியில் வேலை. பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசினான். முழங்கை சிராய்ந்து ரத்தம் கசிய, தட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்து வெள்ளையம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் பாதி ஊர் வந்தது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் கரியப்பன் வந்தார். மூன்று வருஷமாக இந்த நாளுக்காகவே உயிரோடு இருந்தவர் போல அவர் முகம் மலர்ந்திருந்தது.

“என்னா வெள்ளையம்மா, ஒடம்பு நல்லாத்தான இருக்குது?” என்று அன்பாகக் கேட்டார். “இந்தாளு மைசூர் சீமை. நம்மூரு சட்டம் தெரியாது பாரு. கொம்புல ஏறினது யாரோடதுன்னு கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்.”

வெள்ளையம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். “பறிச்சவனோடது, மாமா. அன்னிக்குச் சொன்னதுதான் இன்னிக்கும்.”

“யாரைக் கேட்டுச் சொல்ற?” சாந்தம்மா சீறினாள். பதினைந்து வருஷத்தில் அவள் அப்படிக் குரலை உயர்த்தினதில்லை. “எம் புருசனும் அதுல இருக்காரு! உன் ரோசத்துக்கு அவரையும் சேத்துத் தூக்கிக் குடுத்துருவியா?”

“என்னா பண்ணச் சொல்ற? எம் பேச்சை நானே முழுங்கச் சொல்றியா?” என்றாள் வெள்ளையம்மா. குரல் உடைந்துவிட்டது. சென்னப்பன் கூட்டத்துக்குப் பின்னால் மெதுவாக ஒளியப் பார்த்தான்.

திம்மராயனுக்கு எதுவும் விளங்கவில்லை. தட்டியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனியில் வேலை பார்த்துப் பார்த்து அவனுக்கு இங்கிலீஷ் எழுத்து கொஞ்சம் படிக்க வரும். “பேரு எழுதியிருக்குதும்மா” என்றான். “இதுல கோவிந்தப்பன். இதுல கங்கப்பன். யாரும்மா இவங்க?”

சாந்தம்மா வெள்ளையம்மாவைப் பார்த்தாள், வெள்ளையம்மா மாட்டைப் பார்த்தாள்.

“எனக்குச் சொந்தம்னு சொல்றீங்க, சந்தோஷம். ஊருக்குப் போனா எங்கம்மா கேக்கும், இது யாருதுடான்னு. ‘கொத்தில்லா, தெரியாது’ன்னு சொன்னா வெளக்குமாத்தால அடிக்கும். யாருன்னு சொல்லுங்க. எடுத்துக்கிட்டுப் போறன். தெரியாத பொருளை எப்படித் தூக்கிக்கிட்டுப் போறது?”

“ஞாயந்தானே” என்றார் கரியப்பன். கிண்டல் போய் அவர் குரல் தணிந்திருந்தது.

வெள்ளையம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டுவதற்கு எழுந்தாள். பங்காரு ஏற்கெனவே தொட்டியில் மூக்கை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் திரும்ப உட்கார்ந்தாள்.

“கோவிந்தப்பன் எங்க ஊட்டுக்காரரு” என்றாள். அந்தப் பேர் அவள் வாயில் வந்து பதிமூன்று வருஷமாகியிருந்தது. “பர்மாவுல பாலம் கட்டறப்ப போயிட்டாரு. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசறவரு இல்ல. மெதுவா சிரிப்பாரு. கெணத்துக்குள்ள கண்ணை மூடிக்கிட்டுக் குதிப்பாரு. சானமாவுக் காட்டுல யானை நின்னாலும் பீடி பத்த வெச்சுக்கிட்டு நிப்பாரு. ஆனா மாட்டைக் கண்டா மட்டும் பயம்.”

பூவம்மாள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

“பயம்னா அப்படி ஒரு பயம். தை பொறந்தா அந்தப் புளியமரத்து மேல ஏறிக்குவாரு. எருது விட்டு முடிஞ்சப்பறம்தான் எறங்குவாரு. பட்டாளத்துக்குப் போன அந்த வருசம் ஊரே கீழ நின்னு கை தட்டிச் சிரிச்சுது. எனக்கு மானமே போச்சு. ஊட்டுக்கு வந்ததும், ‘என் சேலையை எடுத்துத் தரட்டா, கட்டிக்கிறியா’ன்னு கேட்டுட்டன். அதுக்கும் சிரிச்சாரு. மாசி பொறந்ததும் தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போயிப் பட்டாளத்துல சேந்துட்டாரு.” அவள் சாந்தம்மாவின் பக்கம் திரும்பவில்லை. “என் சொல்லுதான் அனுப்பிச்சுது. ரெண்டு பேரையும் நான்தான் அனுப்பிச்சன். அந்த டப்பாவை எந்த மூஞ்சியோட தொறப்பன்?”

மகள் என்ன நினைப்பாளோ, ஓரகத்தி என்ன சொல்வாளோ என்று வெள்ளையம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வீட்டை ஆண்டவள் அன்றைக்குத் தண்டனைக்குக் காத்திருந்தாள்.

சாந்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “அடிப் பாவி அக்கா! இதையா இத்தினி வருசம் மடியில கட்டிக்கிட்டு இருந்த? அந்தத் தையில மரத்து மேல எத்தினி பேரு இருந்தாங்க? நெனச்சுப் பாரு.”

வெள்ளையம்மா யோசித்தாள். “ரெண்டு பேரு. உன் ஊட்டுக்காரரும் இருந்தாரு.”

“எங்க ஊட்டுக்காரரு மாட்டுக்குப் பயந்தவரா?”

பயந்தவனா? முந்தின வருஷம் ஒரே நாளில் நாலு தட்டி பறித்தவன் கங்கப்பன். அவன் ஏன் மரத்தில் ஏறினான் என்று அன்றைக்கே வெள்ளையம்மாவுக்கு ஆச்சரியம்தான். கோபத்தில் அதை மறந்துபோனாள்.

“கார்த்திகையிலயே ராயக்கோட்டைச் சந்தையில ரெண்டு பேரும் பட்டாளத்துக்குப் பேரு குடுத்துட்டாங்கக்கா. மார் அளவு எடுத்து, மாசியில வந்து சேருன்னு சீட்டும் குடுத்துட்டான். மாடு முட்டிக் கையி காலு போச்சுன்னா சேத்துக்கமாட்டான்னுதான் இவரும் மரத்துல ஏறினாரு. கப்பலைப் பாக்கணும்னு குதிச்சது எங்க ஊட்டுக்காரரு. தம்பியைத் தனியா விடமாட்டேன்னு பெரியவரும் கூடப் பேரு குடுத்தாரு. உனக்குத் தெரிஞ்சா தடுத்துருவன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க.” சாந்தம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “கடைசியில ஆளுக்கொரு தேசத்துக்குப் பிரிச்சு அனுப்பிட்டான். எம் புருசனாலதான் உம் புருசன் போனாருன்னு தெரிஞ்சா நீ என்னைத் தொரத்திருவன்னு பயந்துக்கிட்டே கெடந்தன்.”

“பதிமூணு வருசமாவாடி?”

“பேச்சே எடுக்கக் கூடாதுன்னு நீதான சட்டம் போட்ட? வாயைத் தொறந்தா மாட்டுக்குத் தண்ணி காட்டுன்னுவ. நான் எப்பத்தான் சொல்றது?”

வெள்ளையம்மா அவளையே பார்த்தாள். ஒரே அடுப்பில் சோறாக்கி, ஒரே கூரைக்கடியில் படுத்து, ஆளுக்கொரு குற்றத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோமே என்று அவளுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு அழுகை வந்தது. அழுகை பாதியிலேயே சிரிப்பாக மாறியதும் சாந்தம்மாவைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டாள். மார்மேல் இருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கரியப்பனும் துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வை என்றார்.

திம்மராயன் தொண்டையைச் செருமினான். “இப்ப இது என்னுதுதான? யாருக்கும் ஆட்சேபணை இல்லியே?”

“இல்ல” என்றாள் வெள்ளையம்மா. இந்தத் தடவை அந்தச் சொல் தொண்டையில் சிக்கவில்லை.

“என்னுதுன்னா நான் யாருக்கு வேணாலும் குடுக்கலாம்.” அவன் சிராய்ந்த கையால் நூலைப் பிரித்து ஆறு மெடலையும் ஒவ்வொன்றாகக் கழற்றினான். வேட்டியில் துடைத்துப் பூவம்மாளின் மடியில் வைத்தான். “கல்யாணப் பொண்ணு, எங்க ஊட்டு வரிசை. துண்டும் ஜிகினாவும் எனக்குப் போதும்.”

“அப்படிப் போடு!” என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. கரியப்பன் மட்டும் முன்னால் வந்தார். “அப்ப எம் பொண்டாட்டி மெட்டியை...”

“அது போனது போனதுதான், மாமா. பறிச்சவனுக்கு மனசு வந்தா குடுப்பான்” என்றாள் வெள்ளையம்மா. பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. முதலில் சிரித்தது கரியப்பன்தான்.

பூவம்மாள் மெடல்களைப் பிரித்து மூன்றைச் சின்னம்மா கையில் கொடுத்தாள். தன்னுடைய மூன்றில் ஒரு நட்சத்திரத்தை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அம்மா, அப்பா நெசமாலுமே மாட்டுக்கு அவ்வளவு பயப்படுவாரா?”

“கன்னுக்குட்டி கத்தினாலே எம் பின்னால வந்து நின்னுக்குவாருடி” என்றாள் வெள்ளையம்மா. சொல்லும்போதே சிரிப்புப் பொங்கியது, கண்ணும் நிறைந்தது. “அந்த மனுசன் இன்னிக்குப் பங்காரு கொம்பு மேலயே ஒக்காந்து வீதி பூராவும் வந்துட்டாரு. அவரு மாட்டு மேல வந்தாரு, நான் மரத்தடியில நின்னு பாத்தன்.”

முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, வெள்ளைவெளேரென்று இருந்த வீட்டுச் சுவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சாந்தா, ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கிட்டு வா.”

“புதுசா சுண்ணாம்பு அடிச்ச செவுருக்கா!”

“உன் ஊட்டுக்காரரை மாட்டறதுக்குத்தானடி. நடு செவுருலயே அடி.”